குவார்ட்டர்ஸும் ஒற்றை யானையும்

செஸ்ஸில் நான் ஜெயித்த ஆட்டங்கள் அதிகம் ஞாபகமில்லை. தோற்றிருக்க வேண்டியவை, எப்படியோ தோற்காமல் தப்பியவை, அவைதான் காய்கள் நின்ற இடம் உட்பட நினைவிருக்கின்றன. ரப்பர் தோட்டத்து ஆபீசில் முப்பத்தாறு வருடம் இருந்து, பெரிய கிளாக்கராக ரிட்டயர் ஆனவனுக்கு அது இயல்புதான். ஜெயிப்பது தோட்டத்தை நடத்தும் தொரையின் வேலை. ஜெயித்ததைக் கோப்பில் போடுவது எங்கள் வேலை.

தோற்கிற ஆட்டத்தில் எல்லாம் போன பிறகும் சிலசமயம் ஒரு வழி மிஞ்சும். உங்கள் ராஜா மூலையில் அடைபட்டு, சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்க, நகரக்கூடியது ஒரேயொரு யானைதான் என்றால், அதைக் கொண்டுபோய் எதிராளியின் ராஜாவுக்கு நேர் எதிரே செக் வையுங்கள். அவர் வெட்டினால் உங்களுக்கு நகர்த்த எதுவும் இருக்காது. உங்கள் ராஜாவுக்குச் செக்கும் இருக்காது. விதிப்படி ஆட்டம் சமன். வெட்டாமல் விலகினால் மறுபடியும் போய் எதிரே நில்லுங்கள். மதம் பிடித்த யானை என்று நாங்கள் அதைச் சொல்வோம். போக இடமில்லாதவனுக்குச் சலுகை தரும் விதிப்புத்தகம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நாங்கள் என்றால், நானும் இப்போதைய பெரிய கிளாக்கரும். பல வருடம் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் குவார்ட்டர்ஸுக்கு வருவார். ரிட்டயர் ஆன பிறகும் நான் காலி செய்யாமல் இருந்த குவார்ட்டர்ஸ் அது. என்னைக் காலி செய்யச் சொல்லும் கடிதங்களைத் தயாரிப்பதும் அவர்தான்.

காலி செய்யாததற்குக் காரணம் என் மனைவி. பக்கவாதத்துக்குப் பிறகு அவளுடைய இடது கால் அவள் சொல் கேட்பதில்லை. குவார்ட்டர்ஸ் ரோட்டோரத்தில், கீழ்ப்பிரிவில் இருக்கிறது. த்ரீவீல் வாசல்வரை வரும். கரவனெல்ல கிளினிக்குக்கு அவளை ஏற்றிப் போகலாம். அதற்குப் பதிலாகத் தோட்டம் காட்டியது மேல்பிரிவு லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஓர் அறை. அங்கே போக ரப்பர் மரங்களுக்கு நடுவே படிகள் மட்டும்தான். ஏறிவிட்டால் அவள் இறங்கப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

முதல் கடிதத்தில் வீடு மேல்பிரிவில் இருப்பதாக டைப் செய்திருந்தது. அப்படியொரு வீட்டில் நான் குடியில்லை என்று பதில் எழுதினேன். இரண்டாவது கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. தமிழ்ப் பிரதி கேட்டேன். கோப்பில் போடும் தரத்தில் தமிழ் எழுத இப்போது ஆபீசில் ஆளில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெரிய கிளாக்கரே காகிதத்துடன் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நீங்களே எழுதிக் குடுத்தா நல்லதுங்க ஐயா. நான் எழுதினா தப்புக் கண்டுபிடிப்பீங்க."

என்னை வெளியேற்றும் கடிதத்தை நானே மொழிபெயர்த்தேன். ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். மூலத்தில் 'தயவுசெய்து' இல்லை, நானும் சேர்க்கவில்லை.

பிறகு என் யானையை எடுத்தேன். குடிபுகும்போது கதவு, ஜன்னல், குழாய் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கும் பட்டியல் ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் உண்டு. வெளியேறும்போது அதை வைத்துச் சரிபார்த்துத்தான் சாவியை வாங்க வேண்டும். பட்டியல் இல்லாமல் ஒப்படைக்க முடியாது. என் வீட்டுப் பட்டியலைக் காட்டுங்கள் என்று எழுதிக் கேட்டேன். வெள்ளத்தில் ஊறிப்போன கோப்புகளோடு அது எரிக்கப்பட்டது எனக்குத் தெரியும். எரிக்கச் சொன்னவனே நான்தான்.

நான்கு மாதம் ஓடியது. தொரை கேட்பார், இவர் தேடுவதாகச் சொல்வார், ஞாயிற்றுக்கிழமை வந்து காய்களை அடுக்குவார்.

இந்த வழியை முறிக்க ஒரு வழி இருப்பதும் எனக்குத் தெரியும். இதே காரணத்தை எனக்கு முன்பே ஒருத்தி சொல்லியிருந்தாள். தோட்டத்தில் மருந்து கொடுத்துவந்த பழைய டிஸ்பென்சர் இறந்ததும் அவருடைய மனைவி பட்டியலைக் கேட்டு மூன்று மாதம் வீட்டைப் பிடித்து வைத்திருந்தாள். அப்போது நான் ஒரு பக்கத்தில் ஒழுங்குவிதி ஒன்று எழுதினேன்: பட்டியல் தொலைந்திருந்தால் குடியிருப்பவரே ஒன்று எழுதிக் கையெழுத்திட வேண்டும், பதினான்கு நாளில் தராவிட்டால் ஆபீஸ் எழுதியதே இறுதி. தொரை அதைப் படித்துவிட்டு என்னைப் பாராட்டினார். அவளும் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க கிளாக்கரய்யா" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தாள் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்று நம்பினேன். தோற்கிறவன் எதிராளி பார்க்காமல் விடுவார் என்பதை நம்பித்தான் பாதி ஆட்டத்தை ஆடுகிறான்.

போன மாதம் ஒரு ஞாயிறு. மழை பெய்து முற்றம் சகதியாகக் கிடந்தது. ஆட்டத்தில் என் நிலைமை கேவலம். ராணி போய்விட்டது, ராஜா மூலையில், சிப்பாய்கள் முட்டி நின்றன. யானையைக் கொண்டுபோய் அவருடைய ராஜாவுக்கு எதிரே வைத்தேன். இந்த வித்தைக்கான பதிலை அவர் பல வருடம் முன்பே கற்றுக்கொண்டவர். ராஜாவை நாலு கட்டம் நடத்தித் தன் சிப்பாய்க்குப் பின்னால் ஒளித்துவிடுவார். அதற்குமேல் என் யானைக்கு வேலையில்லை. அந்த யானையை அவர் ஒருநாளும் வெட்டியதில்லை.

அன்றைக்கு வெட்டினார். யோசிக்கக்கூட இல்லை.

"சமன்தானுங்க ஐயா" என்றார், பலகையைப் பார்த்தபடியே.

அவருடைய சட்டைப்பையைப் பார்த்தேன். நாலாக மடித்த, ஓரம் பழுத்த தாள். பிரிக்காமலே தெரிந்தது.

"எந்தக் கோப்புல இருந்துச்சு?"

"டிஸ்பென்சரி கூரை ரிப்பேர் கோப்புலங்க. கூரைக்கு எஸ்டிமேட் தேடுனேன். தொரை பக்கத்துலயே நின்னாரு. உங்க கையெழுத்தப் பாத்து, 'சரி, இது போதும்'னுட்டாரு."

அவர் நினைத்தால் அதை மறைத்திருக்கலாமா என்று கேட்க நினைத்தேன். எந்தத் தாளையும் மறைக்கக் கூடாது என்று அந்த ஆபீசில் கத்திக்கொண்டிருந்தவனே நான் என்பதால் கேட்கவில்லை. அவர் காய்களைப் பெட்டியில் போட்டு, டீ குடிக்காமல் போனார்.

மறுநாள் காலை ரூல்டு தாள் எடுத்துப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். முன்கதவு ஒன்று. ஜன்னல் ஐந்து, ஒன்றுக்குக் கண்ணாடியில்லை. குழாய் இரண்டு, ஒன்று ஒழுகும். எழுதுகிற வேலை எனக்கு எப்போதும் சுலபம். கட்டிலில் இருந்தபடி மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மேல்லயத்துக்கு எத்தன படி?"

மேல்பிரிவுப் பாதைக்கு வருடாவருடம் ரிப்போர்ட் எழுதியவன் நான். நூற்றுப் பதினெட்டு.

"ஞாபகமில்ல" என்று சொல்லிவிட்டு, சமையலறைக் கதவை எழுதினேன்.