வீமனின் ஒப்பரேசனை என் கணவர் ஏன் தடுத்தார்?

ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் வந்துபோன நாளிலிருந்து நான் ஒருவரையும் நம்பவில்லை!

"நாய்களுக்கு இலவசக் கருத்தடை, திங்கட்கிழமை காலை, பொதுநோக்கு மண்டபம்" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது வீமன். மூன்று வயதுக் கடுவன் நாய். (பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இடி முழங்கினால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான்.) ஆனால் வயலில் பன்றி கலைப்பதில் உருத்திரபுரத்திலேயே அவனுக்கு நிகர் இல்லை.

நான் முன்பள்ளி டீச்சர். பிள்ளைகள் காரணமில்லாமல் அமைதியாக இருந்தாலே எழும்பிப் போய் எட்டிப் பார்ப்பேன். என் புத்தி அப்படி. 'இலவசம்' என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு மலர் அக்கா வேலியடிக்கு வந்தார்.

"டீச்சர், நம்ம வீமன கட்டாயம் கூட்டிட்டுப் போயிருங்க."

"உங்கட ராணியை எல்லோ முதல் கொண்டு போகவேணும் அக்கா?"

"அது குட்டி போட்டுப் பால் குடுக்குது. இப்ப ஏலாதாம். வீமனுக்குச் செஞ்சிருங்க டீச்சர், புண்ணியமாப் போகும்."

என் நாயின் ஒப்பரேசனில் மலர் அக்காவுக்கு என்ன புண்ணியம்?

வீமன் சோர்ந்துபோனால் அவருடைய கோழிகள் என் கத்தரிப் பாத்திக்குள் நிம்மதியாக வரலாம்! (கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.)

ஆனால் மறுநாள் என் கணவர் குழப்பிவிட்டார். எதைக் கேட்டாலும் "உமக்கு விருப்பமெண்டால் செய்யும்" என்று சொல்கிற மனிதர் அவர். இதைக் கேட்டதும் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டார்.

"மாட்டுக்கு நலமடிக்கிற மாதிரி என்ர நாய்க்கும் அடிக்கப் போறீரோ? பிறகு அவன் பண்டி கலைப்பானோ? திண்டுபோட்டுப் படுத்துக் கிடப்பான்!"

"டொக்டரிட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

"ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை. கதையை விடும்."

நான் விடுவேனா? மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

"அதாலை பண்டி கலைக்கிறது நிக்காது அம்மா. சாப்பாட்டை மட்டும் அளவாக் குடுங்கோ, நிறை கூடும். பெட்டையளைத் தேடி ஓடுறதுதான் குறையும்" என்றார்.

இதைச் சொன்ன பிறகும் என் கணவரின் முகம் இளகவில்லை. அப்படியென்றால் காரணம் பன்றி இல்லை!

சனிக்கிழமை பின்னேரம் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு விடிய மாங்குளத்துக்கு ஒரு அலுவலாப் போறன்."

இந்த மாங்குளத்து அலுவல் முன்பும் இரண்டு தரம் வந்தது. விடியப் போவார், வெறுங்கையோடு வருவார். கிளிநொச்சியில் இல்லாத என்ன அலுவல் மாங்குளத்தில்? (அவருடைய போனைப் பார்த்தேன். ஓம், பார்த்தேன்! ஒன்றுமே இல்லை. அது இன்னும் பெரிய சந்தேகம்.)

நேற்று விடிய அவர் வெளியே போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், மலர் அக்காவின் படலையடியில் நிற்கிறார். மலர் அக்கா ஒரு பிஸ்கட் பெட்டியை அவர் கையில் கொடுக்கிறார். கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைக்கிறார்.

கிட்டப் போனேன்.

பெட்டி முனகியது.

உள்ளே நான்கு நாய்க்குட்டிகள். நான்கும் பெட்டை. நான்கின் நெற்றியிலும் வீமனுக்கு உள்ள அதே வெள்ளை.

"எங்கை கொண்டு போறியள்?"

என் கணவரிடம்தான் கேட்டேன். பதில் சொன்னது மலர் அக்கா.

"வீமன் குட்டின்னா வயல்காரங்க கேட்டுக் கேட்டு வர்றாங்க டீச்சர். கடுவன் குட்டிய எல்லாம் அண்ணன் அவங்களுக்குக் குடுத்துருவாரு. பொட்டைய ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. அதையும் அண்ணன்தான் கொண்டுபோய் விடணும்."

கடுவன் குட்டிகளை எடுக்கிற வீடுதான் பெட்டைக் குட்டிகளையும் தூரத்தில் விட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் பக்கத்தில் இது எழுதாத ஒப்பந்தம். எனக்கும் தெரியும். ஆனால் முந்திய இரண்டு தரமும் "எல்லாக் குட்டியையும் ஆக்கள் கொண்டு போட்டினம்" என்று இவர் சொன்னபோது, எதையும் துருவித் துருவிக் கேட்கிற நான் அதை மட்டும் அப்படியே நம்பினேன்.

நம்புவது வசதியாக இருந்தது.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர் அழுவீர்."

"அப்ப ஒப்பரேசன் ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

"அடுத்த முறைக்கு ரெண்டு பேருக்குக் கடுவன் தாறனெண்டு சொல்லிப்போட்டன்..."

அவ்வளவுதான் காரணம்! 'வீமனின் சொந்தக்காரர்' என்று நாலு பேர் வந்து கேட்கிற பெருமை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை எதையாவது தூக்கி அடித்திருப்பேன். ஆனால் அவரிடமிருந்து வாங்கிய பெட்டி என் கையில் இருந்தது. குட்டிகளை ராணியிடம் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். நான் அழத்தான் செய்தேன்.

மலர் அக்காவிடம் கோழிக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். (சிரித்தார். கோழிகள் இன்னும் வருகின்றன.)

இன்று காலை மண்டபத்தில் வரிசையாகப் பெட்டை நாய்கள். கடுவன் எங்களுடையது மட்டும். சம்மதக் கடதாசியில் கையெழுத்து வைத்தது நானில்லை, என் கணவர். மயக்கம் தெளியும்வரை வீமனின் தலையை மடியில் வைத்திருந்ததும் அவர்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன்: "அந்தக் குட்டியளை மாங்குளத்திலை எவடத்திலை விட்டனீங்கள்?"

"சாப்பாட்டுக் கடையளுக்குப் பின்னாலை. சோறு கிடைக்குமெண்டு... முதல் தரம் மூண்டு. மற்றத் தரம் அஞ்சு."

எத்தனை என்று நான் கேட்கவே இல்லை.

மாங்குளத்து ஆட்களே, நெற்றியில் வெள்ளை உள்ள பெட்டை நாய் ஒன்று அந்தப் பக்கம் நிற்கக் கண்டால் கொமண்டில் சொல்லுங்கள். நாங்கள் இரண்டு பேரும் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம்.

ஒன்று உயிரோடு இருந்தாலும் போதும்.