கோகுல்நாத் கண்ணை மூட மாட்டார்

மூச்சைப் பிடித்துக்கொண்டு கோகுல்நாத் ஒரு பெரியவரின் மீசையை ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். கையில் இருப்பது மவுஸ். கல்யாணப் போட்டோவில் நிற்கும் கூட்டத்திலிருந்து பெரியவரைத் தனியாகக் கத்தரித்து, சாயங்காலத்துக்குள் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் நிறுத்தியாக வேண்டும். மீசை முனை வரும்வரை மூச்சும் விடமாட்டார், இமையும் கொட்டமாட்டார்.

ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய கம்ப்யூட்டர் கடை. காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே திரைதான். செத்தவர் போட்டோவில் கண்ணை மூடியிருந்தால், அவர் தம்பியின் போட்டோவிலிருந்து கண்ணை எடுத்து ஒட்டித் திறந்துவிடுவார். "ஊரார் கண்ணையெல்லாம் தொறக்கத் தெரியுது, இவரு கண்ண மூடத் தெரியல" என்பாள் மனைவி மீனலோசனி.

அவர் கண் மிளகாய்ப்பழம்போலச் சிவந்து எந்நேரமும் வடியும். கண் காய்ந்திருக்கிறது என்றார் டாக்டர்.

"இம்புட்டுத் தண்ணி ஊத்துது, காஞ்சு போச்சுங்கிறீங்களே!" என்று இவருக்குச் சிரிப்பு.

காய்ந்த கண் உறுத்தும், உறுத்தினால் நீர் கொட்டும், கொட்டுகிற நீர் கண்ணில் தங்காது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னது மீனலோசனி காதில்தான் ஏறியது. கருவிழியில் கீறல் விழுந்திருக்கிறது, இப்படியே விட்டால் தழும்பாகிப் பார்வை மங்கிவிடும் என்றதும் அவள் காதில்தான். கடைக்கு மூலதனமே அந்த இரண்டு கண்கள்தான்.

கீழே பார்த்தால் கண் பாதி மூடியிருக்கும் என்று திரையைத் தாழ்த்தி வைத்தாள். அவர் அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தினார். முகத்தில் அடித்த மின்விசிறியைத் திருப்பினாள். "கம்ப்யூட்டர் சூடாயிரும்ல" என்று மறுபடி திருப்பினார். சொட்டு மருந்து விட்டால் எழுத்துக் கலங்குகிறதாம். அடிக்கடி இமைக்கச் சொன்னால், "இமைச்சாக் கோடு தப்பிரும்" என்கிறார்.

"பெருமாள் இமையக் குடுத்தது என்ன, அழகுக்கா?" என்று தமிழில் கேட்பாள். வாடிக்கையாளர் போனதும் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் கேட்பாள். அது இன்னும் காரம்.

இதில் அவளுக்கு ஆறவே ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. சாவு வீட்டுக்காரர்கள் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுச் சாவுக்கு அந்த அண்ணே அழுகுறாருய்யா" என்று சொல்லிச் சொல்லி, உசிலம்பட்டி வரைக்கும் பேர் பரவிவிட்டது. இவரும் மறுப்பதில்லை. துண்டால் ஒற்றிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் பிளாஸ்க்கில் வெந்நீரும் துணியுமாக ஒத்தடம் கொடுக்க வந்தபோது, உசிலம்பட்டியிலிருந்து வந்த நல்லகாமன், செத்துப்போன தன் தாயின் போட்டோவோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தா கண்ணு மூடியிருக்கு. தொறந்து விடுங்கண்ணே."

கோகுல்நாத் திரைக்கு மூக்கைக் கொடுத்தார். ஒரு கண்ணை ஒட்டினார். நல்லகாமன் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, கன்னத்துல வச்சுப்புட்டீகளே!"

அழித்தார். மறுபடி ஒட்டினார். இந்தத் தடவை நெற்றியில் போய் உட்கார்ந்தது. கோகுல்நாத் கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினார்.

மீனலோசனிக்குத் தாங்கவில்லை. "அண்ணே, இவரு அழுகல. கண்ணுல சீக்கு. பத்து நிமிஷம் மூடி ஒத்தடம் குடுக்கணும், மாட்டேங்கிறாரு. பார்வையே போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நல்லகாமன் முகம் சுருங்கியது. "அப்ப எங்காத்தாவுக்கு அழுகலையா?"

கோகுல்நாத் தரையைப் பார்த்தார். "இல்லண்ணே."

நல்லகாமன் திரையில் நெற்றிக்கண்ணோடு இருந்த தாயைப் பார்த்தார். "சரி, மூடுங்க. ஆத்தா இனி எங்க போகப் போகுது? நான் இருக்கேன்."

துணியைப் பிழிந்து அவள் கண்மேல் வைத்தாள். நாற்காலியில் சாய்ந்த கோகுல்நாத் அசையாமல்தான் இருந்தார். வலது கை மட்டும் மெல்ல மேசைமேல் ஏறி மவுஸைத் தேடி ஊர்ந்தது. நல்லகாமன் எழுந்தார். வயர் எட்டுகிற தூரத்துக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மவுஸை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.