கடல் தொட்டியில் கோழி மருந்து

பன்னிரண்டாயிரம் கோழி வளர்க்கிறவன் நான். பண்ணை நாமக்கல் பக்கம், வீடு டவுனுக்குள், ஃபேர்லேண்ட்ஸில். புழுவைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் அந்த ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தது.

வீட்டுக் கூடத்தில் நான்கடி உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதில் உயிருள்ள பவளமும், நான்கு வருடமாக நான் வளர்க்கும் ஒரு ஜோடி க்ளவுன் மீனும். கையை விட்டால் விரலில் வந்து முட்டும். பெற்ற பிள்ளைகூட என்னிடம் அப்படி வராது. ஒரு வாரமாகப் பவளம் சுருங்கிக் கிடந்ததால் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடேயப்பா! கல்லுக்கடியில் ரோஜா நிறத்தில், உடம்பெல்லாம் முடியோடு புழுக்கள். ஒன்றைக் கையால் பிடித்ததும் விரல் தீயாய் எரிந்தது. வந்த கோபத்தில் கோழிக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தை எடுத்து ஊற்றிவிட்டேன். அப்புறம்தான் மீன் ஞாபகம் வந்தது. அக்சிலியாவுக்குப் போன் போட்டேன். ஊற்றியதை மட்டும் சொல்லவில்லை.

அக்சிலியாவுக்கு அஸ்தம்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மற்ற நேரத்தில் ஊரில் யார் வீட்டில் கடல் தொட்டி இருந்தாலும் பராமரிப்பு அவள்தான். சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஸ்கூட்டியில் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டாள்.

முதலில் என் விரலைப் பிடித்து, செலோ டேப்பை ஒட்டி உரித்தாள். கண்ணுக்குத் தெரியாத முள்ளெல்லாம் அதோடு வந்துவிட்டது.

"வளவண்ணா, இந்த முடிப்புழு நம்ம துப்புரவு ஆளுங்க. மிச்ச இரையைத் தின்னும். இவ்வளவு பெருகியிருக்குன்னா நீங்க அள்ளி அள்ளிப் போடறீங்க. இரையைப் பாதியாக்குங்க, தானா குறையும்."

"அப்பறம் பவளம் ஏன் சுருங்குது?"

கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தாள். "மேல துரு மாதிரி ஒட்டியிருக்கே, அது தட்டைப்புழு. வெளிச்சத்தை மறைக்குது. சின்னக் குழாய் வெச்சு உறிஞ்சிடலாம்."

"மருந்து ஊத்துனா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"செத்துரும்ணா. செத்ததும் அது உடம்பு விஷம் தண்ணியில இறங்கும், மீன் தாங்காது. என் முதல் தொட்டியில நானே ஊத்தி, ஒரே நாள்ல எல்லாத்தையும் அள்ளிக் கொட்டினேன்."

இவ்வளவு பெரிய பண்ணைக்காரன், இந்தப் பெண்ணிடம் போய் ஒப்புக்கொள்வதா என்று ஒரு நொடி யோசித்தேன். வெட்கக்கேடு! அதற்குள் சின்ன மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ஊத்திப்போட்டேன் சாமி. கால் மணி நேரமாச்சு."

அவள் உடனே வலையை எடுத்தாள். மீன்களை வலையில் அள்ளி, வாராவாரம் மாற்ற நான் டிரம்மில் கலந்து வைத்திருக்கும் புது உப்புத்தண்ணீரை வாளியில் பிடித்து அதில் விட்டாள். கழன்று மிதந்த தட்டைப்புழுக்களை மளமளவென்று குழாயால் உறிஞ்சினாள். விஷத்தை உறிஞ்சும் கரிப் பையைத் தொட்டிக்குள் இறக்கினாள். என்னை வாளி தூக்கவைத்துப் பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றினாள். மூன்று மணிக்கு இரண்டு மீனும் இரை எடுத்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏஞ் சாமி, ஒரு வார்த்தை வையலையே?" என்றேன்.

"அன்னைக்கு எனக்குக் கூப்பிட ஆளில்லைங்கண்ணா" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே. "நீங்க கூப்பிட்டீங்கல்ல."