ஒரே சாயலில் இரண்டு கீரை

சிவகாசியில் என் வாடகை வீட்டுக்குப் பின்னால், மழைக்கு முளைத்திருந்த ஒரு செடியின் இலையை இன்று காலை கிள்ளிக் கசக்கினேன். அந்த நாற்றம் என்னை நான் வளர்ந்த நாரணாபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே எங்கள் வீடும் அப்பாவின் அக்கா வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுச்சுவர் கட்டும் தகராறில் அம்மாவும் அத்தையும் பேச்சை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் அம்மா கொல்லையில் சக்கரவர்த்திக் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். அத்தை தன் கொல்லையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, அது சக்கரவர்த்தி இல்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. பார்க்க அதே மாதிரி இருக்கும், வாயில வைக்க முடியாது."

சொன்னேன். "எனக்கும் கீரை தெரியும்னு சொல்லு," என்றாள் அம்மா.

"நல்ல கீரைன்னா கொழுந்துக்கு அடியில வெள்ளையா மாவு படிஞ்சிருக்கும். இது பளபளன்னுல்ல இருக்கு? கசக்கி மோந்து பார்க்கச் சொல்லு."

அம்மா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். கசக்கி முகர்ந்ததும் முகம் சுளித்தாள். மடியில் இரண்டும் கலந்து கிடந்தன. என்னை விலக்கிவிட்டு அத்தையிடம் நேராகவே கேட்டாள்.

"மதினி, கொஞ்சம் வந்து பிரிச்சுக் குடுங்க. பிள்ளைக சாப்பிடுறது."

அத்தை செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகத் திருப்பினார்கள். முதலில் கீரையைப் பற்றி மட்டும்தான் பேச்சு. கீரை தீர்ந்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

இன்று அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். எடுத்தது அத்தை.

"உங்கம்மா எங்க அடுப்படியில தோசை ஊத்துறா. என்ன விஷயம்னு எங்கிட்டயே சொல்லுட்டி."