பொட்டு வைத்த நெட்வொர்க் கார்டு

ஆயுத பூஜைக்கு ஊரில் எல்லோரும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். நான் கொஞ்சம் கூடுதலாகப் பக்தி கொண்டு, கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த நெட்வொர்க் கார்டைக் கழற்றி, அதன் நெற்றி என்று நானே முடிவு செய்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

இடம், திண்டிவனத்தில் என் மச்சானின் மல்லாட்டை மண்டி. எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். மனைவியின் அண்ணன். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நான்தான் அந்த ஏல மெஷினை அவர் தலையில் கட்டியவன். வியாபாரிகள் கூடத்துத் திரைகளில் விலையைப் போடுவார்கள். அது ஒயர் வழியாக அறையில் இருக்கும் லினக்ஸ் மெஷினுக்கு வந்து சேரும். யார் அதிகம் கேட்டார் என்பதை மெஷின் சொல்லும். "வைரஸ் வராது, ஒரு பேஜாரும் இல்ல மச்சான்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பூஜையன்று இரண்டு காரியம் செய்தேன். முதலில் கெர்னலைப் புதுப்பித்தேன். கெர்னல் என்பது மெஷினின் மூளை மாதிரி. கார்டு, டிஸ்க் எல்லாவற்றையும் மேய்ப்பது அதுதான். பிறகு மெஷினை அணைத்து, தூசு தட்டி, கார்டைக் கழற்றிப் பொரிகடலைக்கும் கரும்புக்கும் நடுவில் வைத்தேன். பூஜை முடிந்ததும் திரும்பச் சொருகிவிட்டேன். ஓடுகிறதா என்று பார்க்க ஆசைதான். பூஜை போட்ட மெஷினை மறுநாள்தான் போட வேண்டும் என்று மச்சான் தடுத்துவிட்டார். எனக்கும் சுண்டல் காத்திருந்தது.

மறுநாள் விஜயதசமி. களம் முழுக்க மல்லாட்டைக் குவியல். கிழக்கே வானம் தார் பூசினாற்போல இருந்தது. ஷெட்டுக்குள் இடமில்லை. ஓமந்தூர் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காவின் குவியல் திறந்த களத்தின் ஓரத்தில் கிடந்தது. அவர் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, ஜல்தி ஆரம்பிங்க. மூணு நாளா காய வச்சி எத்துக்கினு வந்தது. நனஞ்சிதுன்னா பாதி வெலைக்குத்தான் கேப்பாங்க."

"இதோ ஆச்சுக்கா" என்று சுவிட்சைப் போட்டேன். மெஷின் எழுந்தது. கூடத்துத் திரைகள் எதிலும் ஏலம் வரவில்லை. கார்டின் பச்சை விளக்கு எரியவில்லை.

ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தேன். அப்போதும் எரியவில்லை.

புதுக் கெர்னலுக்குப் பழைய கார்டின் டிரைவர் ஒத்துவரவில்லை என்று அந்த நொடியே தீர்ப்பு எழுதிவிட்டேன். டிரைவர் என்பது அந்தக் கார்டை எப்படி ஓட்டுவது என்று கெர்னலுக்குச் சொல்லும் நிரல். அதைப் புதிதாக இறக்க வேண்டும். இறக்குவதற்கு நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க்குக்கு டிரைவர் வேண்டும். இந்த வட்டத்தில் நான்கைந்து சுற்று வந்த பிறகுதான் சட்டைப்பையில் செல்போன் இருப்பது நினைவுக்கு வந்தது.

மச்சான் வந்து நின்றார். "இன்னா மாப்ள ஆச்சு?"

"கெர்னல் மச்சான். மெஷினோட மூளை. மாத்துனதுல ஒத்துக்கல."

"நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துது. மூளைய மாத்தச் சொல்லி யாரு அழுதா?"

"நான்தான்."

"மாத்த வேண்டிய மூளை உனுது இருக்கச் சொல்ல, அதுக்கு ஏன் மாத்தின?"

வியாபாரி ஒருவர் துண்டை உதறிக்கொண்டு, "பழையபடி வெலையச் சீட்டுல எழுதிப் பெட்டியில போட்டுடலாமா?" என்றார். அத்தனை சீட்டையும் பிரித்துப் படிப்பதற்குள் மழை வந்து போய்விடும். செல்போனை ஒயரில் இணைத்து டிரைவரை இறக்கி ஏற்றினேன். ஏறியது, ஒன்றும் நடக்கவில்லை. பழைய கெர்னலிலேயே மெஷினை எழுப்பினேன். அதிலும் அதே கதை. நேற்று முன்தினம் வரை ஒழுங்காக வேலை செய்த கெர்னல் அது. புதியது பழையதைக் கெடுத்துவிட்டது என்று நம்பத் தயாராக இருந்தேன். பயந்தவனுக்கு எதுவும் சாத்தியம்.

"தம்பி, தூறல் போடுது" என்றார் அக்கா. திட்டவில்லை. முந்தானையால் குவியலை மூடிவிடலாம் என்பது போல அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்ப்பதற்குப் பதில் திட்டே வாங்கியிருக்கலாம்.

கடைசி முயற்சியாக, கார்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மூடியைக் கழற்றினேன். உள்ளே குங்குமப் பொட்டு என்னைப் பார்த்தது. கார்டு சொருகும் இடுக்குகளில் கீழ் இடுக்கிலிருந்து. ஆனால் அந்தக் கார்டு இத்தனை நாளும் மேல் இடுக்கில் அல்லவா இருந்தது? சுண்டல் வாசனையில், கைக்கு எட்டியதில் சொருகியிருக்கிறேன்.

அவ்வளவுதான் விஷயம். கார்டு எந்த இடுக்கில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் லினக்ஸ் அதற்குப் பெயர் கொடுக்கும். இடம் மாறியதால் பெயர் மாறிவிட்டது. நானோ பழைய பெயருக்கு நெட்வொர்க் முகவரி எழுதி வைத்திருந்தேன். டிரைவர் ஒழுங்காக ஏறியது, கார்டு கிடைத்தது, இதுதான் அதன் புதுப் பெயர் என்று கெர்னல் காலையிலிருந்து திரையில் எழுதிக்கொண்டேதான் இருந்தது. கெட்ட செய்தியை மட்டும் தேடியவன் கண்ணுக்கு அது படவில்லை.

அமைப்புக் கோப்பில் பெயரை மாற்றினேன். பச்சை விளக்கு எரிந்தது. கூடத்தில், "வந்துடுச்சி" என்று யாரோ சொன்னார்கள்.

"ஓரத்துல இருக்கற குவியல மொதல்ல போடுங்க மச்சான்" என்றேன். அவர் மறுக்கவில்லை. அக்காவின் மல்லாட்டை மூட்டையாகி லாரியில் ஏறித் தார்ப்பாய் மூடிய பிறகுதான் மழை அடித்துப் பெய்தது.

"மூளை சரியாயிடுச்சா?" என்றார் மச்சான்.

"அதுக்கு ஒண்ணும் இல்ல மச்சான்."

"நான் அதக் கேக்கல."

கார்டை மேல் இடுக்குக்கு மாற்றவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. புதுக் கெர்னலிடம் மட்டும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அக்கா கிளம்பும்போது, தனக்கென்று எடுத்து வைத்திருந்த மல்லாட்டையில் இரண்டு கை அள்ளி என் மேசையில் போட்டார். ஒன்றை எடுத்து நசுக்கினேன். ஓடு படக்கென்று உடைந்தது. நன்றாகக் காய்ந்திருந்தது. மழையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகத் தின்றேன். மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே பாதியை அள்ளிக்கொண்டார்.