சவரிமுத்து கிராணி எழுதாத பிழை

செவ்வாய்க்கிழமை காலை, அக்கரையில் பிறை என்ற ஊரிலிருந்து வந்த படகில் இறங்கிய ஒருவர் நேரே எங்கள் அச்சகத்துக்கு வந்து, "சவரிமுத்து கிராணி போயிட்டாரு அண்ணே. நாலு மணிக்கு எடுக்கிறாங்க" என்றார். கையிலிருந்த ஈய எழுத்துகளை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிறருடைய சாவுச் செய்திகளை அச்சுக் கோத்துக் கோத்து எனக்கு அலுத்துவிட்டது. இதை மட்டும் நானே எழுதுகிறேன் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினேன்.

சவரிமுத்து அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை, அக்கரையில் பாகான் டாலாமில் வீடு. சனிக்கிழமை மத்தியானம் படக்கொட்டகை. திங்கட்கிழமை எங்கள் வாரப் பத்திரிகைக்கு விமர்சனம். எந்தப் படமானாலும் 'நிறை', 'குறை' என்று இரண்டே தலைப்புகள். நிறையைச் சொல்லாமல் குறைக்குப் போகமாட்டார். "மாசக்கணக்கா பாடுபட்டு எடுத்திருக்கான். ஒண்ணாவது நல்லா இருக்கும், தேடிப் பாருலா" என்பார்.

பல வருஷங்களுக்கு முன் மாயக்கதைப் பேசும்படம் ஒன்று வந்தது. பழைய ராஜகுமாரி கதைதான். ஆனால் காலத்துக்கேற்ப இளவரசர் மோட்டாரில் வருவார், சூனியக்காரி டெலிபோனில் சாபம் கொடுப்பாள். அண்ணன் என்னையும் அழைத்துப்போனார். பூதத்தின் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியபோது என் தொடையைக் கிள்ளினார். மயிலாகிவிட்ட மகளை அடையாளம் கண்ட தாய், ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளங்கையில் தானியம் வைத்து நீட்டினாள். அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரம் என் மூன்று பிள்ளைகளுக்கும் காய்ச்சல். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வாராவாரம் வருவதால் ஈய எழுத்தில் கோத்துக் கலைக்காமல் கட்டி வைத்திருந்த அந்த இரண்டு தலைப்புகளையும் இடம் மாற்றி அச்சுச் சட்டத்தில் பூட்டிவிட்டேன். பத்திரிகை வெளிவந்தபோது 'நிறை'யின் கீழே இப்படி இருந்தது: "பூதத்தின் மீசை பாதிப் படத்தில் கழன்றுவிடுகிறது. இளவரசர் சண்டைக்கு நடுவிலும் பாடுகிறார்; நமக்குத் தூக்கம் வருகிறது." 'குறை'யின் கீழே: "தாய் பேசாமலே நம்மை அழவைக்கிறாள்."

ஊரே சிரித்தது. கொட்டகைக்காரர் பத்திரிகையும் கையுமாக வந்து, "என்னய்யா, கிண்டலா? இனி என் விளம்பரம் உங்களுக்குக் கிடையாது" என்று கத்திவிட்டுப் போனார். முதலாளி அண்ணனை வரவழைத்து, எங்கள் இருவரையும் நிறுத்திவைத்து, "யார் செஞ்ச வேலை இது?" என்றார். அதற்கு முந்தின வாரம்தான் பிழை விட்டதற்காக இன்னொரு அச்சுக்கோப்பாளரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நான் மைக்கறை படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் முதலாளி. அவசரத்துல தலைப்ப மாத்தி எழுதிட்டேன்" என்றார் அண்ணன். அன்றோடு விமர்சனப் பகுதி நின்றது.

வெளியே வந்ததும், "ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குத் துறைமுகத்துல வேலை இருக்கு. உனக்கு இந்த எழுத்துப்பெட்டிய விட்டா என்ன இருக்கு? விடுலா."

பிறகு அதைப்பற்றி அவர் பேசவேயில்லை. வேறு இரண்டு பத்திரிகைகளில் கேட்டுப் பார்த்தார். கவனமில்லாத ஆள் என்ற பெயர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. சனிக்கிழமைதோறும் படம் பார்த்தார். எழுத இடமில்லாமல் வீடு திரும்பினார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். என்னைவிடக் கோழை இந்த ஊரில் இருக்கமாட்டான்.

கல்லறைத் தோட்டத்தில்கூட ஒருவர், "நல்ல மனுஷர்தான். ஆனா நிறை எது குறை எதுன்னு தெரியாம எழுதுனாரே!" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றிருந்த சிலரும் சிரித்தார்கள். நான் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேர்ந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பிழை என்னுடையது. முதலாளி இதைப் படித்துவிட்டு என்ன செய்வாரோ, செய்யட்டும். என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது ஒரே ஒரு தாள். அவர் தம் கையால் எழுதிக் கொடுத்த அந்த விமர்சனம். பயந்துபோய் அன்றைக்கே அதை ஒளித்துவைத்தேன். அதில் நிறை நிறையாகவும் குறை குறையாகவும் சரியாகவே இருக்கின்றன. சிரித்தவர்கள் அச்சகத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன்.