குடலைக் கதிருக்குள் கண்டது

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொல்லக்கூடாது. நான் சொன்னேன். அதுவும் உயர்தர உயிரியல் வகுப்பில், முன்வாங்கிலிருந்து கேள்வி மேல் கேள்வி கேட்கும் ஒரு பிள்ளையிடம் சொன்னேன்.

அன்று ஒடுக்கற்பிரிவுப் பாடம். பதினோரு வருடமாகப் படிப்பிக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. மகரந்தம் உண்டாக வேண்டுமென்றால் கலத்திலுள்ள, பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் பாதியாகக் குறைய வேண்டும். ஒவ்வொரு நிறமூர்த்தமும் முதலில் தன்னைப்போல இன்னொன்றைச் செய்துகொள்கிறது. அந்த இரண்டையும் ஒரு புரதம் நீளத்துக்குக் கட்டி வைக்கிறது. பிறகு வெட்டுகிற புரதம் வருகிறது. முதல் பிரிவில், தாய்வழி தந்தைவழிச் சோடிகள் விலகுவதற்காக, அது நிறமூர்த்தத்தின் கைகளில் இருக்கும் கட்டை மட்டும்தான் வெட்டுகிறது, இடுப்பில் இருக்கும் கட்டைத் தொடுவதில்லை. ஏனென்றால் அங்கே ஒரு காவல் புரதம் நிற்கிறது. இரண்டாம் பிரிவில் காவல் விலகுகிறது, இடுப்புக் கட்டும் அறுகிறது, இரண்டும் பிரிகின்றன. காவல் முந்தி விலகினால் எல்லாக் கணக்கும் குழம்பி, மகரந்தம் செத்து, நெல் பதராகப் போகும். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மேல் சிலிர்க்கும்.

"அந்தக் காவலுக்கு எப்ப விலகணும் எண்டு ஆர் டீச்சர் சொல்றது?" என்றாள் முன்வாங்குப் பிள்ளை.

"அதுக்கு மேலயும் வேற புரதங்கள் இருக்கு பிள்ள, கட்டளை குடுக்க. முழுக்கதையும் இன்னும் ஆருக்கும் தெரியா."

"நீங்க இத நேர கண்டிருக்கீங்களா?"

வாய் முந்திவிட்டது. "ஓம், கண்டிருக்கன்."

"அப்ப எங்களுக்கும் காட்டுங்க டீச்சர்! வயல்வட்டை முழுக்க வேளாண்மை நிக்குதுதானே!"

வகுப்பே கைதட்டியது. வாற திங்கட்கிழமை காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உண்மை என்னவென்றால், நான் கண்டதே இல்லை. வந்தாறுமூலையில், பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் செய்முறை வகுப்பில் என் முறை வரும்போது நேரம் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளின் படத்தைப் பார்த்துக் கீறி முழுப் புள்ளி வாங்கியவள் நான். திங்கட்கிழமை ஒன்றுமே தெரியாவிட்டால் பதினோரு வருடப் பாடமும் அந்தப் பிள்ளைகளுக்குப் பொய்யாகிப் போய்விடும் என்று பயந்தேன்.

என் கணவருக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல். "நெல்லுக் கதிர் கொஞ்சம் வேணும், பள்ளிக்கூடத்துக்கு" என்றேன். அடுத்த நாள் மனிதர் ஒரு கட்டுக் கொண்டுவந்தார். முதல் நெல்லறுத்துப் புதிர் எடுப்பதுபோல நல்ல நாள் நேரம் பார்க்காததுதான் குறை. நீளமான, பால் வைத்துத் தலைசாய்ந்த, வட்டையிலேயே வடிவான கதிர்கள்! மகரந்தமெல்லாம் எப்போதோ கொட்டி முடிந்து, எனக்கு வேண்டிய எல்லாம் நடந்து ஓய்ந்துபோன கதிர்கள்.

"இது பிந்திட்டு. எனக்குக் குடலைதான் வேணும். கதிர் இன்னும் வெளிய வராம உள்ளுக்க இருக்கிறது."

அவர் முகம் மாறியது. "குடலையக் கிழிக்கிறதா? உனக்கென்ன விசரா? வயித்துப் பிள்ளையோட நிக்கிற பயிர் கா அது! குடலை நேரத்தில நான் வயலுக்க காலக்கூடப் பாத்துத்தான் வைக்கிற."

கோபம் வந்தது எனக்கு. நாட்களோ குறைந்துகொண்டு வந்தன. "அந்த வயித்துக்குள்ள என்ன நடக்குது எண்டு ஒருநாளாவது பாத்தீங்களா?" என்று கத்தினேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தார். நான் கோப்பையைக் கழுவினேன், கொஞ்சம் சத்தமாக.

சனிக்கிழமை விடிய, மோட்டார்சைக்கிளைத் தட்டி எழுப்பிக்கொண்டு வாசலில் நின்றார். "ஏறு. மூலையில மாடு பூந்து மிதிச்சுப்போட்டு. அதில சரிஞ்சு கிடக்கிறத எடு. நிக்கிறதத் தொடப்படாது."

மண்முனைப் பாலத்தில் போகும்போது நான் சிரித்ததை அவர் கண்ணாடியில் பார்த்திருப்பார். சேற்றில் இறங்கிக் குடலைகளைத் தடவிப் பார்த்தேன். கடைசி இலையின் கழுத்தும் அதற்குக் கீழ் இலையின் கழுத்தும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதுதான் நேரம். முந்தினாலும் இல்லை, பிந்தினாலும் இல்லை. சரிந்து கிடந்ததில் எட்டுத் தண்டுகள் தேறின. அந்த இடத்திலேயே பிரித்து, ஸ்பிரிட்டும் அசற்றிக் அமிலமும் கலந்த போத்தலுக்குள் போட்டேன். கலங்கள் இருந்தபடியே உறைந்து நிற்கும். நான் பிரிக்கும்போது அவர் வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பின்னேரம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தைத் திறந்தோம். கடுகளவுகூட இல்லாத மகரந்தக்கூட்டை ஊசியால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, கார்மைன் சாயம் ஒரு துளி விட்டு, மூடி நசுக்கி, நுணுக்குக்காட்டியில் வைத்தேன். முதல் கண்ணாடியில் குப்பை. இரண்டாவதில் காற்றுக் குமிழி. மூன்றாவது, நான்காவது, ஒன்றுமில்லை. ஐந்தாவதில் உருண்டைக் கலங்கள், நடுவில் சிக்கிய நூல்போல ஏதோ. ஏழாவது கண்ணாடி...

என்ட பிள்ளையாரே!

ஒரு கலம். அதற்குள் சிவப்புப் புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, எதிரெதிர்க் கரைக்குப் போகிற போக்கில் அப்படியே நின்றன. எண்ணினேன். நெல்லுக்கு மொத்தம் இருபத்துநான்கு. ஒரு பக்கம் பன்னிரண்டு. மற்றப் பக்கம் பன்னிரண்டு. திரும்ப எண்ணினேன், பன்னிரண்டேதான்! ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இரட்டையர் இருவர், பிரியாமல் சேர்ந்தே போகிறார்கள். புரதம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடுப்புக் கட்டு அறவில்லை, காவல் நிற்கிறது! நான் எழுந்து ஆய்வுகூடத்துக்குள் ஓடினேன். நாற்பத்திரண்டு வயதில், மேசையைச் சுற்றி ஓடினேன்.

அவரைப் பிடித்து இருத்தினேன். "என்ட கண்மயிர்தான் தெரியுது" என்றார். கொஞ்சம் திருகிக் கொடுத்தேன். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. "இவ்வளவு வேலை நடக்குதா உள்ளுக்க?" என்று மெதுவாகக் கேட்டார். "நாங்க தண்ணி பாத்திட்டு வாறதோட சரி."

திங்கட்கிழமை காலை எனக்குத் தலைகால் புரியவில்லை. பொய் உண்மையாகிவிட்டது, இனி ஆருக்கும் தெரியப்போவதில்லை என்ற சந்தோசம் வேறு. கரும்பலகையில் வழக்கமான படத்தைக் கீறினேன். நீலத்தில் இரண்டு, சிவப்பில் இரண்டு, தடித்த கைகால்களோடு நான்கு நிறமூர்த்தங்கள், அணிவகுப்பில் நிற்பதுபோல நேராக. பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்தார்கள். "ஐயோ டீச்சர்!" "எனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது!" ஒரே கூச்சல்.

முன்வாங்குப் பிள்ளையின் முறை வந்தது. பார்த்தாள். நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தாள். திரும்பக் குனிந்து பார்த்தாள்.

"இதுகள் சின்னப் புள்ளிகள் டீச்சர். கைகால் ஒண்டும் இல்ல. ஒண்டு முந்திப் போகுது, ஒண்டு பிந்தி நிக்குது. நீங்க முதலே கண்டிருந்தா ஏன் அப்படிக் கீறினீங்க?"

கேலியில்லை அவள் குரலில். அறிய வேண்டும் என்றுதான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. டஸ்டரை எடுத்துப் பலகை முழுவதையும் துடைத்தேன்.

"நான் பொய் சொன்னனான் பிள்ளைகள். சனிக்கிழமைதான் முதன்முதலாக் கண்டன். கண்டு, இந்த மேசையச் சுத்தி ஓடினன்."

எனக்குக் காது சுட்டது. அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவள் முகமெல்லாம் சிரிப்பாக விரிந்தது.

"அப்ப நீங்க எங்களுக்கு ரெண்டு நாள்தான் மூப்பு, டீச்சர்!"

வெண்கட்டியை அவள் கையில் கொடுத்தேன்.